ஆள் கிடைத்துவிட்டது, வாத்தியார் எங்கே? 1914இல் குமாஸ்தாக்களைச் சிப்பாயாக்கிய கதை

#1 நூலகப்பூனை

சண்டை வரும் என்று தெரிந்தேதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதல் உலகப் போர் வெடித்த கையோடு, 1914 ஆகஸ்ட் 5 அன்று பிரிட்டனின் போர் அமைச்சராகக் கிச்சனர் பொறுப்பேற்கிறார். நமக்குப் பழக்கமான ஆள்தான். இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தபோது வைஸ்ராய் கர்சனோடு மல்லுக்கு நின்று, கடைசியில் கர்சனையே ராஜினாமா செய்ய வைத்தவர். கிறிஸ்துமஸுக்குள் போர் முடிந்துவிடும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தபோது, வருடக்கணக்கில் இழுக்கும், லட்சக்கணக்கில் ஆள் வேண்டும் என்று சொன்னவர் அவர். இரண்டு நாளில் முதல் 1,00,000 பேருக்கு அழைப்பு போகிறது. செப்டம்பர் 3 அன்று, ஒரே நாளில், 33,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். கட்டாய ஆள் எடுப்பு அப்போது கிடையாது. எல்லாம் தானாக வந்த கூட்டம்: பேங்க் குமாஸ்தா, டிராம் கண்டக்டர், சுரங்கத் தொழிலாளி, பள்ளிக்கூட வாத்தியார்.

சரி, வந்துவிட்டார்கள். படுக்க இடம் கிடையாது. காக்கித் துணி போதாமல் தபால் துறைக்கு வாங்கி வைத்திருந்த நீலத் துணியில் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு தெருவில் போனால் தபால்காரனா ஜெயில் கைதியா என்று கேலி. துப்பாக்கிக்குப் பதில் மரக்கட்டை, சில இடங்களில் துடைப்பக் கட்டை. ஊர்ப் பூங்காவில் கவாத்து, ராத்திரி சொந்த வீட்டில் சாப்பாடு, தூக்கம்.

இந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியைத்தான் 1916 ஜூலை 1 அன்று பிரான்ஸில் சோம் ஆற்றங்கரையில் இறக்கினார்கள். அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் தரப்பில் செத்தவர்கள் 19,240. காயம்பட்டவர்கள், காணாமல்போனவர்களையும் சேர்த்தால் 57,470.

என் கட்சி இதுதான்: பயிற்சி என்ற பெயரில் நடந்தது வெறும் நாடகம். மறுப்பவர்கள் வாருங்கள்.

#2 கேள்விக்குறி

விரலை நீட்டுகிற அந்த மீசைக்கார போஸ்டர் இவர்தானே? அதைப் பார்த்துவிட்டா இத்தனை பேர் ஓடினார்கள்?

#3 பஞ்சாலைக்காரன்

போஸ்டர் முதலில் ஒரு வாரப் பத்திரிகையின் அட்டைப்படமாக வந்ததே செப்டம்பர் 5 தேதியிட்ட இதழில்தான். அதற்கு இரண்டு நாள் முன்பே 33,000 பேர் சேர்ந்தாகிவிட்டது. ஆகவே போஸ்டருக்கு அவ்வளவு பெருமை கொடுக்க வேண்டாம்.

நான் கோயம்புத்தூர். தாத்தா, அப்பா இரண்டு பேரும் மில்லில் இருந்தவர்கள். எனக்கு இந்தக் கதையில் ஒட்டிக்கொண்ட ஊர் அக்ரிங்டன். இங்கிலாந்தில் லங்காஷயர்ப் பக்கம் பஞ்சாலை ஊர். போர் தொடங்கியதும் பருத்தி வியாபாரம் படுத்துவிட்டது, மில்லில் ஷிப்ட் இல்லை, வீட்டில் அடுப்பு பற்றவைக்க வழியில்லை. அந்த நேரம் பார்த்து மேயர் ஹார்வுட், எங்கள் ஊரே ஒரு பட்டாலியன் (சுமார் ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) தருகிறது என்று அறிவிக்கிறார். பத்தே நாளில் நிரம்பிவிட்டது. தினம் ஒரு ஷில்லிங் சம்பளம், வீட்டுக்குத் தனியாகப் படி, மூன்று வேளை சாப்பாடு. மில் மூடிக்கிடக்கிற ஊரில் இதற்கு மேல் தேசபக்தி வேண்டுமா என்ன? பக்தியே இல்லை என்று சொல்லவில்லை. வயிறும் பக்தியும் ஒரே வரிசையில் நின்றன, அவ்வளவுதான்.

அடுத்தது கூட்டாளி விஷயம். லிவர்பூலில் டெர்பி பிரபு ஆகஸ்ட் கடைசியில் கூட்டம் போட்டு, சேர்ந்து வேலை பார்க்கிறவர்கள் சேர்ந்தே பட்டாளத்துக்கு வாருங்கள், பிரிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார். ‘பால்ஸ்’ பட்டாலியன் என்று பெயர். நம் மொழியில் சொன்னால் செட்டு. செட்டில் பத்துப் பேர் கிளம்பினால் பதினோராவது ஆள் எப்படி ஊரில் இருப்பான்? ஆளில்லாத டீக்கடையில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வான்?

அவன் இருந்தாலும் விடமாட்டார்கள். ஃபோக்ஸ்டன் ஊரில் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஒருவர் பெண்களைத் திரட்டி, சீருடை இல்லாத வாலிபனைத் தெருவில் கண்டால் கையில் ஒரு வெள்ளை இறகைக் கொடுக்கச் சொன்னார். கோழை என்று அர்த்தம். நம் ஊரில் வளையல் அனுப்புவார்களே, அந்த மாதிரி.

#4 சப்பர் தம்பி

வணக்கம். பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது இராணுவப் பொறியாளர் பிரிவில், இருபத்திரண்டு வருடம் சர்வீஸ். கடைசி மூன்று வருடம் சென்டரில் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுக்கிறவன். எங்கள் குரூப்பில் எல்லோரையும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள், பெயர்க் காரணம் அதுதான்.

பூனை சார், மரக்கட்டையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். புதுப் பையன் கையில் முதல் வாரமே நிஜத் துப்பாக்கி கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. கட்டை போதும். முதல் எட்டு வாரம் நாங்கள் சொல்லிக்கொடுப்பது சண்டை போடுவதையே அல்ல. ‘தாயினே முட்’ (வலப்பக்கம் திரும்பு) என்றால் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைக் காதிலிருந்து நேராகக் காலுக்குக் கொண்டுபோவதுதான். நடுவில் மண்டைக்குள் போய்வரக் கூடாது. எங்கள் பையன்களுக்கு ஹிந்தியும் தெரியாதா, முதல் பதினைந்து நாள் அந்த மைதானம் கரகாட்டம் மாதிரி இருக்கும். பாதிப் பேர் கிழக்கே, பாதிப் பேர் மேற்கே. ஒருத்தன் மட்டும் நேரே என்னைப் பார்த்து வருவான்.

ஒரு கிராமத்துப் பையன் ஞாபகம் வருகிறான். படுக்கைக் கம்பளியைச் செங்கல் மாதிரி மூலை பிசகாமல் மடிக்க வேண்டும். அவன் மடித்தால் தலையணை மாதிரி உப்பி நிற்கும். நான் தினமும் பிரித்துப் போடுவேன், தினமும் மடிப்பான். பதினோராம் நாள் நான் பிரிக்கவில்லை. அன்று ராத்திரி என் பாரக் வாசலுக்கு வந்து, “உஸ்தாத், இன்னிக்கு சரியாவா இருந்தது, இல்ல நீங்க பார்க்க மறந்துட்டீங்களா?” என்று கேட்டான். சரியாகத்தான் இருந்தது. பயிற்சி என்றால் எனக்கு அந்தக் கேள்விதான். பார்க்கிற கண் ஒன்று இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் நான் கேட்பது துப்பாக்கி இருந்ததா என்பதல்ல. கிச்சனர் படைக்கு உஸ்தாத் யார்?

#5 நூலகப்பூனை

ஐயா, நான் தேட வேண்டிய இடத்தைக் காட்டிவிட்டீர்கள். நன்றி.

பதில் பரிதாபமானது. இருந்த நிரந்தரப் படையே சின்னது, எல்லாப் படிநிலையும் சேர்த்து 2,50,000க்குக் கொஞ்சம் கீழே. அதிலும் ஏறக்குறைய பாதி இந்தியாவிலும் மற்ற காலனிகளிலும் சிதறிக் கிடந்தது. நல்ல பயிற்றுநர்களை உள்ளூரிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஆகஸ்டிலேயே பிரான்ஸுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். நவம்பரில் பெல்ஜியத்தில் இப்ர சண்டை முடிந்தபோது அந்தப் பழைய படை ஏறக்குறைய உருத்தெரியாமல் போயிருந்தது. விதை நெல்லை அவித்துத் தின்ற கதை.

மிச்சம் இருந்தது யார்? தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரோடு ஓய்வு பெற்று வீட்டில் ரோஜாச் செடி வளர்த்துக்கொண்டிருந்த கிழட்டு அதிகாரிகள். இவர்களுக்கு மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தவர்கள் என்று பொருள்படும் பட்டப்பெயரே உண்டு. அப்புறம் பழைய சார்ஜெண்ட்டுகள். இவர்கள் கற்றுக்கொடுத்தது 1900இல் நடந்த போரை.

#6 வரைபடக்கிறுக்கன்

இழை இனிக்கிறது, ஆனால் பூனையின் முதல் பதிவில் ஒரு பெரிய ஓட்டை. அக்ரிங்டன் பையன்கள் 1914 செப்டம்பரில் சேர்ந்தார்கள். 1915 பிப்ரவரியில் வேல்ஸ் கடற்கரைக்குப் போனார்கள், பிறகு இங்கிலாந்தில் மூன்று நான்கு முகாம், டிசம்பரில் எகிப்து, 1916 மார்ச்சில் பிரான்ஸ். சண்டைக்குப் போனது ஜூலை 1. கணக்குப் போடுங்கள், 21 மாதம்! துடைப்பக் கட்டை முதல் குளிர்காலத்தோடு போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டு நாடகம் என்றால் எப்படி?

பயிற்சி குறைவால் செத்ததற்கு உதாரணம் வேண்டுமா, பிரான்ஸில் 1915இல் நடந்த லூஸ் சண்டையைப் பாருங்கள். 21, 24 என்று இரண்டு டிவிஷன்கள் (பல பட்டாலியன்கள் சேர்ந்தது ஒரு டிவிஷன்), இரண்டும் கிச்சனர் படை. பிரான்ஸில் இறங்கிச் சில வாரம்தான், டிரெஞ்சையே, அதாவது போர்முனைப் பதுங்குகுழியையே, பார்த்ததில்லை. நாள்கணக்கில் ராத்திரி நடை, மழை, சூடான சாப்பாடு வந்துசேரவில்லை. செப்டம்பர் 26 அன்று அறுபடாத முள்கம்பிக்கு நேரே பகலில் அனுப்பினார்கள். ஒரு சில மணி நேரத்தில் 8,000 பேருக்கு மேல் விழுந்தார்கள். அங்கேயும் தப்பு பையன்கள்மேல் இல்லை.

சோம் வேறு கதை. அதே ஜூலை 1, அதே காலை 7.30. வடக்கே சேர் கிராமத்துக்கு முன்னால் அக்ரிங்டன் பட்டாலியனில் ஏறக்குறைய 720 பேர் இறங்கினார்கள். 584 பேர் செத்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். தெற்கே மோந்தோபான் கிராமத்தை அதே நாளில் பிடித்தது 30ஆவது டிவிஷன். அது யார்? லிவர்பூல், மான்செஸ்டர் செட்டுப் பையன்கள்! அதே குமாஸ்தாக்கள், அதே நீலச் சட்டை. பக்கத்தில் 18ஆவது டிவிஷனும் குறித்த இடத்தைப் பிடித்தது.

என்ன வித்தியாசம்? தெற்கே பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கனரக பீரங்கிகள் இருந்தன, ஜெர்மன் பீரங்கிகளை முன்கூட்டியே அடக்கியிருந்தார்கள், முள்கம்பி அறுந்திருந்தது. வடக்கே ஏழு நாளில் கொட்டிய குண்டுகளில் வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை ஏராளம். பீரங்கி சரியாக இருந்தால் குமாஸ்தாவும் ஜெயிப்பான், இல்லாவிட்டால் சிங்கமும் சாகும். பயிற்சியை இதில் இழுக்காதீர்கள்.

#7 சப்பர் தம்பி

கிறுக்கன் தம்பி, பீரங்கி விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 18ஆவது டிவிஷனைச் சொல்லிவிட்டு அதன் தளபதியைச் சொல்லாமல் விட்டால் எப்படி? ஐவர் மாக்ஸ். அந்த ஆளுக்குப் பயிற்சி ஒரு வெறி. எந்த இடத்தைப் பிடிக்க வேண்டுமோ அந்த மாதிரியே பின்னால் ஒரு நிலத்தில் டிரெஞ்ச் அடையாளம் போட்டு, திரும்பத் திரும்ப நடக்க வைத்தார். குண்டு நிற்கும் முன்பே ஆட்களை நடுவெளிக்கு, இரண்டு தரப்பு டிரெஞ்சுக்கும் இடையிலிருந்த வெட்டவெளிக்கு, கொண்டுபோய்ப் படுக்க வைத்தார், நின்றதும் ஓடினார்கள். மற்ற பல இடங்களில் என்ன உத்தரவு? வரிசை வரிசையாக, இடைவெளி விட்டு, சீராக நட. முதுகில் ஏறக்குறைய 30 கிலோ.

ஏன் நடக்கச் சொன்னார்கள்? இவர்கள் புதுசு, ஓடி, படுத்து, ஒருவருக்கொருவர் காவல் சுட்டு முன்னேறத் தெரியாது, வரிசை கலைந்தால் குழம்பிப்போவார்கள் என்று மேலே இருந்தவர்களில் பலருக்கு நினைப்பு. எனக்கு ரத்தம் கொதிப்பது இங்கேதான். 21 மாதம் கையில் வைத்திருந்துவிட்டு, உனக்கு எதுவும் தெரியாது, நட என்றால், அந்த 21 மாதம் என்ன சொல்லிக்கொடுத்தீர்கள்?

#8 வரைபடக்கிறுக்கன்

எல்லோரும் நடக்கவில்லை ஐயா. அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் பகுதிப் பையன்கள் நடுவெளியில் தவழ்ந்துபோய் எழுந்து ஓடினார்கள், எதிரி டிரெஞ்சுக்குள் வெகுதூரம் போனார்கள். இரண்டு பக்கமும் துணைக்கு ஆளில்லாமல் திரும்பவேண்டி வந்தது. மாக்ஸ் விஷயத்தில் தோற்றேன், ஒத்துக்கொள்கிறேன். 1918இல் மொத்தப் படைக்கும் பயிற்சித் தலைமையை அவரிடமே கொடுத்தார்கள்.

#9 கேள்விக்குறி

எனக்கு உயரம் 5 அடி 3 அங்குலம். போன வருடம் ஆள் எடுப்புக்குப் போய் அளக்கிற கட்டையிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முன் எங்கள் ஊரில் ஒரு கோச்சிங் சென்டரில் ஆறு மாதம் ஃபீஸ் கட்டி ஓடினேன். உயரம் பத்தாது என்று சேர்க்கும்போதே அவர்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இதெல்லாம் பார்த்தார்களா?

#10 நூலகப்பூனை

தம்பி, நீங்கள் 1914 ஆகஸ்டில் போயிருந்தால் கச்சிதமாகத் தேறியிருப்பீர்கள். அப்போது குறைந்தபட்சம் 5 அடி 3. கூட்டம் தாங்காமல் செப்டம்பர் 11 அன்று 5 அடி 6 என்று ஏற்றினார்கள், உடனே வரத்து விழுந்தது. நவம்பரில் மறுபடி 5 அடி 3. உயரமா முக்கியம், கையில் எத்தனை சட்டை இருக்கிறது என்பதுதான் கணக்கு. பர்கன்ஹெட் ஊரில் ஐந்தடிக்காரர்களுக்கென்றே தனிப் பட்டாலியன் எழுப்பினார்கள், குட்டைச் சேவல் பெயரை வைத்து. பலர் சுரங்கத் தொழிலாளிகள்.

வயதுக்கு அத்தாட்சி எதுவும் கேட்கவில்லை. ஆள் பிடிக்கிற சார்ஜெண்ட்டுக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு. பதினாறு வயது என்று உண்மை சொன்னால், வெளியே ஒரு சுற்று நடந்துவிட்டு வா, திரும்பி வரும்போது பத்தொன்பது ஆகியிருக்கும் என்பார்களாம். சிட்னி லூயிஸ் என்று ஒரு பையன் 12 வயதில் சேர்ந்து, 13 வயதில் சோமில் சண்டை போட்டான். அவன் அம்மா பிறப்புச் சான்றிதழை அனுப்பி, மகனைத் திருப்பி வாங்கினார்.

உங்களிடம் காசு வாங்கின ஆளும் அந்த சார்ஜெண்ட் பரம்பரைதான்.

#11 வடாற்காட்டான்

எல்லாம் சரி. இழை பத்துப் பதிவைத் தாண்டியும் நம் ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்று ஊர், இராணுவப்பேட்டை என்றே பெயர். வீட்டுக்கு ஒரு ஆள் பட்டாளம். என் ஊர் அதற்குக் கொஞ்சம் தள்ளி. எங்கள் ஊர்ச் சாவடிச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறது, இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இங்கிலீஷில். தமிழ்நாட்டில் பல ஊர்களில் அந்த மாதிரிக் கல் இருக்கிறது. அக்ரிங்டனுக்கு அழுதவர்கள் கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்பலாம்.

#12 நூலகப்பூனை

நியாயமான கோபம். நீங்கள் சொன்ன பிறகுதான் இரண்டு கதையும் ஒரே கதை என்று உறைத்தது.

போர் வெடித்தபோது இந்தியப் படையின் பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் லீவில் இங்கிலாந்தில் இருந்தார்கள். அவர்களில் சுமார் 500 பேரைக் கிச்சனர் திரும்ப விடாமல் பிடித்து, தன் புதுப் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். சப்பர் ஐயா கேட்ட உஸ்தாத்துகளில் ஒரு பகுதி இவர்கள்தான்.

இந்தப் பக்கம் என்ன ஆயிற்று? லாகூர், மீரட் டிவிஷன்கள் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்சேய் துறைமுகத்தில் இறங்கி, அக்டோபர் கடைசிக்குள் டிரெஞ்சில் நின்றன. ஒரு பட்டாலியனில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு டஜன்தான். சிப்பாய்களின் மொழி, ஊர், குடும்பம் எல்லாம் அறிந்தவர்கள். முதல் சில வாரச் சண்டையிலேயே அவர்களில் பாதிப் பேர் போய்விட்டால், இடத்தை நிரப்ப யார் இருக்கிறார்கள்? மொழி தெரிந்த மாற்று ஆட்கள் இங்கிலாந்துப் பூங்காவில் குமாஸ்தாக்களுக்கு வலம் இடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வகுப்பறையை மூடி, அந்த வாத்தியாரை அடுத்த வகுப்புக்கு அனுப்பிய வேலை.

இன்னொன்று. லிவர்பூலில் புதுசாகக் கண்டுபிடித்த மாதிரிப் பேசிய செட்டு முறை இந்தியப் படையில் ஏற்கெனவே இருந்ததுதான். ஒரே சாதி, ஒரே வட்டாரம், ஒரே கம்பெனி. வசதியும் அதுவே, ஆபத்தும் அதுவே. ஒரு கம்பெனி அழிந்தால் நாலு கிராமத்தில் ஒரே நாளில் சாவு விழும்.

#13 வடாற்காட்டான்

தாங்காவைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். 1914 நவம்பர், கிழக்கு ஆப்பிரிக்கா. நம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி அங்கே ஓடிவிட்டது என்று வெள்ளைக்காரன் எழுதி எழுதி மாய்ந்துபோனான். 8,000 பேர் போய், ஜெர்மன் தரப்பில் இருந்த ஏறக்குறைய 1,000 பேரிடம் தோற்றுத் திரும்பினார்கள். மதராஸிக்குச் சண்டை வராது என்பதற்கு அதை அத்தாட்சியாகவே வைத்துக்கொண்டார்கள்.

#14 வரைபடக்கிறுக்கன்

அண்ணே, அந்தச் சண்டை எனக்கு மனப்பாடம். வாரக்கணக்கில் கப்பலில் அடைபட்டு, வாந்தி எடுத்து, காலில் பலமில்லாமல் கிடந்தவர்கள். மொம்பாசாவில் இறக்கி நாலு நாள் ஓய்வு கொடுக்கலாம் என்றார்கள், தளபதி எய்ட்கன் மாட்டேன் என்றார். நேரே சதுப்பிலும் புதரிலும் தள்ளினார். ஓடியது பாளையங்கோட்டை மட்டும் இல்லை. ‘போர்க்குலம்’ என்று வெள்ளைக்காரன் தலையில் வைத்துக் கொண்டாடிய ராஜபுத்திரர் பட்டாலியனும் சேர்ந்துதான் கலைந்தது. அதே புதரில் காஷ்மீர் ஆட்கள் நன்றாகச் சண்டை போட்டார்கள். குலம் காரணம் என்றால் ராஜபுத்திரர் கணக்கு எங்கே உதைக்கிறது பாருங்கள்.

அதற்கு முப்பது வருடம் முன்பு மதராஸில் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ்தான், தெற்கத்தி ஆள் பட்டாளத்துக்கு ஆகாது என்று முத்திரை குத்தியவர். அதற்கப்புறம் பட்டாலியன்களைக் குறைத்தார்கள். முன்னேறத் துடிக்கிற அதிகாரி யாராவது மதராஸ் பக்கம் கேட்டு வாங்கி வருவாரா? முப்பது வருடம் நல்ல வாத்தியார் போகாத பள்ளிக்கூடத்தில், பரீட்சையில் பையன் ஃபெயில் என்றால் யாரை அடிப்பது?

#15 வேகமானி

அக்னிபத் பற்றி யாரும் பேசலையே? நாலு வருடத்துக்கு ஆள் எடுத்து நூற்றில் 25 பேரை மட்டும் வைத்துக்கொள்கிற திட்டத்துக்கும் இதுக்கும்

#16 நெறியாளர்

வேகமானி, அதற்குத் தனி இழை ஓடுகிறது, அங்கே 340 பதிவு சண்டை போதும். பாதியில் நிற்கும் உங்கள் வாக்கியத்தை அங்கே முடிக்கலாம். இங்கே போர்க்கால ஆள் எடுப்பு மட்டும்.

#17 பஞ்சாலைக்காரன்

இரண்டாம் போரில் அந்த முத்திரையெல்லாம் காற்றில் போயிற்றே. 1939இல் ஏறக்குறைய 2 லட்சம் இருந்த இந்தியப் படை 1945இல் 25 லட்சம். அத்தனையும் தானாகச் சேர்ந்தவர்கள் என்பது கணக்கு. கலைத்துப் போட்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். ஆள் வேண்டுமென்றால் போர்க்குலம் என்ன, பஞ்சாலைக் குலமும் ஓகே.

#18 வடாற்காட்டான்

என் தாத்தா அந்த 25 லட்சத்தில் ஒருத்தர். 1942இல் வாரச்சந்தையில் மாடு விற்கப் போனவர். மாடு விற்கவில்லை, இவர் போய்விட்டார். மாட்டைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து ஓட்டிவரச் சொல்லிவிட்டு, ஆள் எடுக்கிற லாரியில் ஏறிவிட்டார். அவர் அம்மாவுக்கு, அதாவது என் கொள்ளுப்பாட்டிக்கு, முதலில் வீடு வந்து சேர்ந்தது மாடுதான்.

பெங்களூரில் பயிற்சி. தாத்தா வாழ்நாளில் அதுவரை செருப்பே போட்டதில்லை. பூட்ஸ் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு குதிகாலும் தோல் உரிந்து, விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு நடந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வெளியே விட்டால் பூட்ஸை லேஸில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலில் சுற்றுவாராம். எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே ரோமன் உருது, அதாவது இங்கிலீஷ் எழுத்தில் ஹிந்துஸ்தானி, கற்றுக்கொடுத்தார்கள். கடைசிவரை தாத்தாவுக்குத் தமிழ் எழுத வராது. கையெழுத்து இங்கிலீஷில் போடுவார், வீட்டுச் செலவுக் கணக்கை அந்த ரோமன் உருதுவில் எழுதிவைப்பார். வேறு யாராலும் படிக்க முடியாது, பாட்டிக்கு அதில் நிரந்தரச் சந்தேகம்.

முதல் லீவில் வந்தபோது கொள்ளுப்பாட்டி அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஆறு மாதம் மூன்று வேளை லங்கர் சாப்பாட்டில் கன்னம் வந்துவிட்டது. திண்ணையில் நின்றவரைப் பார்த்து, யாரு, தாலுகா ஆபீஸா என்று கேட்டிருக்கிறார்.

#19 தேன்கூடு

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லோரும் ரசித்துப் பேசுகிறீர்கள். கம்பளி மடிப்பதும் பூட்ஸும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தப் பயிற்சியில் வைக்கோல் மூட்டையைத் தொங்கவிட்டு, கத்திக்கொண்டே பயனெட்டால், அதாவது துப்பாக்கி முனையில் செருகிய கத்தியால், குத்தச் சொல்வதும் உண்டே. அதைப் பற்றி யாரும் எழுதவில்லை. காதிலிருந்து காலுக்கு நேராகப் போக வேண்டும், மண்டைக்குள் போகக் கூடாது என்று சப்பர் ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

முடியாது என்றவர்களும் இருந்தார்கள். 1916 ஜனவரியில் பிரிட்டன் கட்டாய ஆள் எடுப்புச் சட்டம் போட்டதும், மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சுமார் 16,000 பேர் பதிவு செய்தார்கள். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். டிரெஞ்சில் நடுங்கி ஓடியவர்களையும் தூங்கியவர்களையும் சொந்தப் படையே விடிகாலையில் சுட்டது. அப்படிச் செத்த 306 பேருக்கு மன்னிப்புக் கிடைத்தது 2006இல். தொண்ணூறு வருடம்!

நம் பக்கமும் ஒன்று. 1918இல் காந்தியே கேடா ஜில்லாவில் ஆள் சேர்க்கப் போனார். கொஞ்ச நாள் முன்பு வரிகொடா சத்தியாகிரகத்துக்கு வண்டியும் சோறும் சும்மா கொடுத்த அதே ஊர்க்காரர்கள், வாடகைக்குக்கூட வண்டி தரவில்லை. அலைந்து அலைந்து அவர் படுத்த படுக்கையானதுதான் மிச்சம். அந்த விவசாயிகளுக்கு யாரும் கல் வைக்கவில்லை.

#20 சப்பர் தம்பி

அம்மா, நீங்கள் கேட்டது சரி. பதில் எழுத இரண்டு நாள் ஆயிற்று.

மூட்டையைக் குத்துவது நானும் சொல்லிக்கொடுத்தேன். கத்துவது எதிரியைப் பயமுறுத்த இல்லை, குத்துகிறவனுக்குத் தன் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்காமல் இருக்க. சில பையன்களுக்கு முதல் நாளே வரும், அவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம். பலருக்கு வராது. மூட்டைக்கு முன்னால் வந்ததும் கை தானாக மெதுவாகும். அந்த மெதுவை எடுப்பதுதான் என் வேலை, அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். இல்லையென்று சொன்னால் பொய்.

ஆனால் ஒன்று. பயிற்சி இல்லாமல் அனுப்பினால் அவன் கொல்லாமல் திரும்புவான் என்று இல்லை, திரும்பவே மாட்டான். பர்மாவில் 1942–43இல் நடந்தது அதுதான். காட்டைப் பார்க்காத பையன்களை நேராகக் காட்டுக்குள் விட்டார்கள். ராத்திரி ஒரு குரங்கு கிளையை ஆட்டினால் விடியும்வரை சுடுவார்கள். அப்புறம்தான் புத்தி வந்து, 14, 39 என்ற இரண்டு டிவிஷன்களைச் சண்டையிலிருந்தே எடுத்து, சிந்த்வாராவிலும் சஹாரன்பூரிலும் பயிற்சிக்கென்றே உட்கார வைத்தார்கள். அடிப்படைப் பயிற்சி முடித்த பையன் அங்கே இரண்டு மாதம் காட்டில் வாழ்ந்துவிட்டுத்தான் பர்மா போக வேண்டும். சொல்லிக்கொடுத்தவர்களில் பலர் பர்மாவில் அடிபட்டுத் திரும்பியவர்கள். சண்டை நடக்கும்போது நல்ல ஆளைச் சண்டையிலிருந்து எடுத்து வாத்தியார் ஆக்குவதற்கு எந்தத் தளபதிக்கும் மனசு வராது. இங்கே வந்தது.

வடாற்காட்டான் தம்பி, தாத்தா 1942இல் சேர்ந்தார் என்றால் பர்மா போனாரா? எந்தக் கம்பெனி? டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் நம்பரைப் பாருங்கள்.

#21 வடாற்காட்டான்

பர்மா போனார் ஐயா. பாலம் கட்டுகிற வேலை என்று மட்டும் சொல்வார். புத்தகம் 1977 வெள்ளத்தில் போய்விட்டது. ஒரு கரண்டி மட்டும் இருக்கிறது, பின்பக்கம் நம்பர் வெட்டியிருக்கிறது, பாதி தேய்ந்துவிட்டது. போட்டோ எடுத்துத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

#22 கேள்விக்குறி

அந்தச் சாவடிக் கல்லில் மொத்தம் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறது அண்ணே?

#23 வடாற்காட்டான்

தம்பி கேட்டதற்காக இன்று காலை போய்ப் பார்த்தேன். வருடா வருடம் பொங்கலுக்குச் சாவடியோடு சேர்த்து அதற்கும் வெள்ளையடித்து, எழுத்தெல்லாம் அடைத்துக்கொண்டது. 1914 தெரிகிறது. போனவர்கள் எண்ணிக்கையில் முதல் இலக்கம் ஒன்றா ஏழா என்று விரலால் தடவிப் பார்த்தும் பிடிபடவில்லை. செத்தவர்கள் வரி சுத்தமாக மூடியிருக்கிறது. கம்பி பிரஷ் போட்டால் கல் பெயர்ந்துவிடும் என்கிறார் கொத்தனார். தேங்காய் நாரும் ஒரு வாளித் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.